மணிமேகலை எங்கே போனாள்?

"பொன்னியின் செல்வன்" படத்தின் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் கடைசியில் வந்தது அல்லவா? அதற்கு எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து போனோம். தாராபுரம் பக்கத்திலிருந்து அத்தையும் வந்திருந்தார்கள். அத்தை என்றால் என் அப்பாவின் கூடப் பிறந்த தங்கை. எனக்குக் கதைப் புத்தகம் படிக்கும் பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததே அவர்கள்தான்.

படம் முடிந்து கூட்டத்தோடு கூட்டமாய் வெளியே வந்தோம். ஆளாளுக்கு ஒன்று பேசிக்கொண்டு வருகிறோம். அத்தை மட்டும் என் கையைப் பிடித்து, "ஏங் கண்ணு, மணிமேகலை எங்க? மொதப் படத்துலயும் காணோம், இதுலயும் காணோமே?" என்றார்கள்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். என் மகன், "அஞ்சு பாகத்தை அஞ்சரை மணி நேரத்துல சொல்லணுமே பாட்டி, யாரையாவது விட்டுத்தானே ஆகணும்!" என்றான். அத்தையும் சிரித்தார்கள். ஆனால் வீடு வந்து சேரும் வரை அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. கால் வலியாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நான் பத்தாவது வரைதான் படித்தவள். ஆனால் "பொன்னியின் செல்வ"னை மட்டும் அந்தப் படம் பார்ப்பதற்கு முன்பே மூன்று முறை படித்திருந்தேன். முதல் முறை பதினைந்து வயதில், பெரிய லீவில் அத்தை வீட்டில். இரண்டாவது முறை மகளை வயிற்றில் சுமந்துகொண்டு ஏழாம் மாதத்தில். மூன்றாவது, 2020-ல் ஊரெல்லாம் அடைத்துக் கிடந்தபோது. மூன்று முறை படித்தவளுக்குத் தெரியாதது என்ன இருக்கப் போகிறது என்ற மிதப்பு எனக்கு உண்டு. அந்த மிதப்பு எப்படிப் போனது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1950-லிருந்து 1954 வரை "கல்கி"யில் வந்த கதை அது. பிற்பாடு அதே பத்திரிகையில் மறுபடியும் தொடராகப் போட்டார்கள். அத்தை கல்யாணமாகாத பெண்ணாய் இருந்தபோது, அப்படி மறுபடி வந்ததை வாரா வாரம் கிழித்து எடுத்துச் சேர்த்து, கோணி ஊசியும் சணலும் வைத்துத் தானே தைத்து, மைதாப் பசை காய்ச்சி அட்டை ஒட்டிய ஐந்து கட்டுகள் இன்னும் இருக்கின்றன. எத்தனையோ பேர் இரவல் கேட்டும் கொடுத்ததில்லை. என்னைக்கூட வீட்டில் உட்கார்ந்து படி என்றுதான் சொல்வார்கள். வெளியே எடுத்துப் போகக் கூடாது. முதல் கட்டு ஒரே இடத்தில் தையல் விட்டு, மேலே வைத்தாலே அந்தப் பக்கத்தில் தானாக விரிந்துகொள்ளும். அத்தைக்குத் தைக்கத் தெரிந்த லட்சணம் அவ்வளவுதான் என்று நான் பல நாள் கேலி செய்திருக்கிறேன்.

போன வருஷம் அத்தைக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. கோயமுத்தூரில் ஆபரேஷன் முடித்து, சிங்காநல்லூரில் எங்கள் வீட்டில் ஒரு மாதம் வைத்துக்கொண்டேன். தங்கைக்குத் துணையாக அப்பாவும் ஊரிலிருந்து வந்துவிட்டார். அம்மா மட்டும் மாடு கன்றை விட்டுவிட்டு வரமுடியாது என்று ஊரிலேயே இருந்துகொண்டார்கள். இந்தக் காலத்தில் புரை ஆபரேஷன் பெரிய விஷயமில்லை, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒழுங்காய் இருப்பதுதான் பாடு. சொட்டு மருந்து நேரந்தவறாமல் விட வேண்டும், கண்ணில் தண்ணீர் படக்கூடாது, தேய்க்கக் கூடாது, குனிந்து பாரம் தூக்கக் கூடாது, அடுப்புப் புகையில் நிற்கக் கூடாது. சும்மா உட்கார்ந்தே பழக்கமில்லாத மனுஷிக்கு இதைவிடத் தண்டனை வேறு வேண்டுமா? மூன்றாம் நாளே, "எதையாச்சும் வாசிச்சுக் காட்டு அம்மிணி" என்றார்கள். ஊரிலிருந்து அந்த ஐந்து கட்டுகளையும் வரவழைத்தேன்.

சகோதரிகளே, வாய்விட்டு வாசிப்பது என்பது தனி விஷயம். மனதுக்குள் படிக்கும்போது நாம் ஓடுகிறோம். பிடித்த இடத்துக்கு எப்போது வருவோம் என்று பத்தி பத்தியாய்த் தாவுகிறோம். நான் மூன்று முறையும் அப்படித்தான் படித்திருக்கிறேன். எனக்கு வேண்டியது குந்தவையும் வந்தியத்தேவனும். குடந்தை சோதிடர் வீட்டில் அவன் தடதடவென்று உள்ளே நுழைகிறானே, அந்த இடத்துக்கு வந்தால்தான் எனக்குக் கதையே ஆரம்பம். அதற்கு முன்னால் உள்ள கடம்பூர் மாளிகை, குரவைக்கூத்து, நடுராத்திரிச் சதிக்கூட்டம் எல்லாம் ரயிலில் போகும்போது பார்க்கிற ஊர்கள் மாதிரி. வாய்விட்டு வாசித்தால் அப்படித் தாவ முடியாது. அதிலும் அத்தை எதிரே உட்கார்ந்திருந்தால் ஒரு வரிகூட விட முடியாது. "ஒரு வரி உட்டுட்ட" என்று உடனே சொல்லிவிடுவார்கள். பாதி மனப்பாடம்!

முதல் வாரத்திலேயே கடம்பூர் வந்தது. கதை தெரிந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆடிப்பெருக்கு அன்று ஏரிக்கரையில் குதிரைமேல் வருகிற வந்தியத்தேவன், அன்று இரவு தங்குவது சம்புவரையர் மாளிகையில். அந்த வீட்டுப் பிள்ளை கந்தமாறன் அவனுடைய பழைய தோழன். இருவரும் வடக்கு எல்லையில் படையில் ஒன்றாக இருந்தவர்கள். அங்கே இருந்த காலத்தில், தன் தங்கை மணிமேகலையை உனக்குத்தான் கட்டிக்கொடுப்பேன் என்று கந்தமாறன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். வீட்டுக்கு வந்தால் தங்கையிடம் தோழனுடைய வீரத்தையும் சாமர்த்தியத்தையும் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறான். இப்போது தோழன் நிஜமாகவே வீட்டுக்கு வந்து நிற்கிறான். ஆனால் அதற்குள் வீட்டில் வேறு பெரிய யோசனை வந்துவிட்டது. ராஜ வம்சத்திலேயே சம்பந்தம் செய்யலாம் என்று. கந்தமாறன் என்ன செய்கிறான்? நான் சொன்னதையெல்லாம் மறந்துவிடு என்று தோழனிடம் சொல்லிவிடுகிறான். வந்தியத்தேவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் குதிரை ஏறிப் போய்விடுகிறான்.

இவ்வளவுதான். கதையில் சில வரிகள். முதல் கட்டு தானாக விரிந்துகொள்ளும் என்றேனே, அந்தப் பக்கம் இதுதான் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தையல் விட்டதல்ல, அந்தப் பக்கம் அத்தனை தடவை திறக்கப்பட்டிருக்கிறது.

நான் மேலே வாசிக்கப் போனேன். "இரு கண்ணு" என்றார்கள் அத்தை. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"ஆம்பளைக ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டாங்க. உள்ள இருக்கறவகிட்ட யாரு போயிச் சொன்னது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் அப்படி யோசித்ததே கிடையாது.

"அவளுக்கு ஆசை தானா வரலை கண்ணு. தண்ணி ஊத்தி வளத்தாங்க. அப்புறம் வேண்டாம்னு சொன்னா, வளந்த செடி திரும்ப வெதைக்குள்ள போயிருமா?"

வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அப்பா சட்டென்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வெற்றிலை வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். வெற்றிலை டப்பா நிறைய இருந்தது பிறகுதான் ஞாபகம் வந்தது.

அன்றைக்கு அரிசிம்பருப்பு சாதம் தாளித்துக்கொண்டே யோசனை பண்ணினேன். மணிமேகலை என்றால் என் மனதில் இருந்தது நாலாம் பாகத்து மணிமேகலை. வேட்டை மண்டபத்து வழியாக வந்தியத்தேவன் உள்ளே வர, கண்ணாடியில் அவன் முகம் தெரிகிறது. அவளோ அது தன் மனசு காட்டுகிற மாயம் என்று நினைக்கிறாள். இது என்ன பைத்தியக்காரப் பெண், சரியாக ஒரு தடவைகூடப் பேசிப் பழகாதவன்மேல் இப்படி உயிரை வைப்பாளா என்று பதினைந்து வயதில் எனக்குக் கோபம்கூட வந்தது. கரிகாலன் செத்ததும், நான்தான் கொன்றேன் என்று இவள் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளும்போது, கல்கி கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு நாற்பது வயதாகியும் அதே அபிப்பிராயம்தான்.

அந்தக் கண்ணாடியில் முகம் எப்படி வந்தது என்று நான் கேட்கவே இல்லையே! அது அண்ணன்காரன் வருஷக்கணக்காக வரைந்த படம் அல்லவா? நடுவில் வந்தியத்தேவனை முதுகில் குத்திய துரோகி என்று கந்தமாறன் நினைத்துக்கொண்டு வந்து திட்டுகிறான். அவன் திட்டியதும் இவள் நம்ப வேண்டும், அவன் புகழ்ந்ததும் இவள் நம்ப வேண்டும்! மனசு என்ன குழாயா, திறந்து மூட? நம் ஊர்களிலும் தொட்டிலில் கிடக்கிற குழந்தையைக் காட்டி, "இவதான் உன்ற பொண்டாட்டி" என்று அஞ்சு வயசுப் பையனிடம் சொல்லிச் சிரிக்கிற வழக்கம் இருக்கிறதே. நானும் சொன்னவள்தான்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. கதை தொடங்கி முதல் ராத்திரி கழிவது மணிமேகலை வீட்டில். ஐந்தாம் பாகத்தின் கடைசி அத்தியாயம், "மலர் உதிர்ந்தது" என்று தலைப்பு, அதுவும் அவள்தான். சித்தம் கலங்கிப்போய், வந்தியத்தேவனின் மடியில் அவள் உயிர் பிரிவதோடு கதை முடிகிறது. பட்டாபிஷேகம், ராஜாங்கம், கப்பல், போர் என்று இத்தனை பெரிய கதையை எழுதியவர், அதை முடிப்பதற்கு இந்தப் பெண்ணைத்தானே தேடிப் போயிருக்கிறார்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று வெட்டியிருக்கிறார்கள். நந்தினியைப்போலவே மணிமேகலையும் கல்கியின் கற்பனை. கல்வெட்டில் இடம் இல்லாதவள். அவளுக்கு எங்கே இடம் கொடுப்பது என்று அவரும் தவித்திருப்பார்போல. இதை நான் மூன்று முறை படித்தும் பார்க்கவில்லை. அத்தை எத்தனை வயதில் பார்த்தார்களோ!

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அம்மாவுக்குப் போன் போட்டேன். சுற்றி வளைத்துக் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அதெல்லாம் இப்ப எதுக்கு அம்மிணி?"

"சும்மா சொல்லுங்கம்மா."

"நாங் கலியாணமாகி வந்த புதுசு. உங்கப்பாகூட மில்லு பட்டறைல வேலை பழகினவரு ஒருத்தரு. கோபிப் பக்கத்துக்காரரு. நம்ம சனந்தான், சம்பந்தம் பண்ற கூட்டந்தான். நல்ல தெறமைசாலியாமா. உங்கப்பா ஊட்டுக்கு வந்தா அவரு பேச்சுத்தான். அவன் அப்படி, அவன் இப்படின்னு. உங்கத்தையக் கூப்புட்டு வெச்சுட்டு, உனக்கு அவனாட்ட ஒருத்தன்தான்னு சொல்லுவாரு. ரெண்டு வருசம் இதே பேச்சு. நோம்பிக்கு ஒருக்கா ஊட்டுக்கு வந்தாரு. உங்கத்தை கதவுக்குப் பின்னால நின்னு பாத்துச்சு. அவ்வளவுதான் பாத்தது."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, உடுமலைப் பக்கமிருந்து பெரிய எடம் வந்துச்சு. தோட்டம், தோப்பு, ரெண்டு கெணறு. உங்கப்பாரு ஒரே புடியா நின்னுட்டாரு. உங்கப்பா போயி அவருகிட்டப் பேசி முடிச்சுட்டு வந்துட்டாரு. அவரும் சரின்னுட்டாராமா. கடசில அந்தப் பெரிய எடமும் கூடலை. மூணு வருசம் களிச்சுத்தான் உங்க மாமனுக்குக் குடுத்தாங்க."

"அத்தை ஒண்ணும் சொல்லலையா?"

"யாரு கேட்டாங்க?" என்றார்கள் அம்மா. வைக்கப் போகும்போது, "அந்தக் கதைப் பொஸ்தகம் இருக்குதே, வாரா வாரம் வந்தது. அது அவரு படிச்சுட்டு உங்கப்பா கையில குடுத்தனுப்புனது. உங்கப்பாவுக்கு அதுல என்ன கதைன்னே தெரியாது" என்றார்கள்.

மாமா தங்கமான மனுஷர். அதையும் நான் சொல்லியாக வேண்டும். அத்தையை ஒரு சொல் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. கல்யாணமாகி வரும்போது சீரோடு சீராக அந்த ஐந்து கட்டுகளும் வந்தபோது, மாமாதான் அவற்றை வைக்க ஒரு பலகை அடித்துக் கொடுத்தாராம். பிள்ளை குட்டி, தோட்டம் துரவு என்று குறைவில்லாமல் வாழ்ந்தவர்கள். அவர் போய்ப் பத்து வருஷமாகிறது. அத்தை வாழ்க்கை பாழாகிவிட்டது என்று யாராவது சொன்னால் அத்தையே சண்டைக்கு வருவார்கள். நானும் அப்படிச் சொல்ல வரவில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் அத்தனை தடவை திறந்திருக்கிறதே!

மறுநாளிலிருந்து எனக்கு வாசிக்கக் கூச்சமாகிவிட்டது. கந்தமாறன் பேர் வருகிற இடங்களில் குரல் தானாகத் தாழ்ந்தது. அத்தைக்குப் புரிந்துதான் இருக்கும். "கெட்டியா வாசி, காது நல்லாக் கேக்கோணும்" என்றார்கள். அப்பா தினமும் வராந்தாவில் இருந்தார். எழுந்து போவதை நிறுத்திவிட்டார். பேப்பரை விரித்து வைத்திருப்பார், பக்கம் திருப்பமாட்டார். மணிமேகலை தன் அண்ணனோடு வாதாடுகிற இடம் வந்த அன்று, சாயந்திரம் காபியைக்கூட வாயில் வைக்கவில்லை, ஆறிப்போய்க் கிடந்தது.

ஐந்தாம் பாகத்தில் கடைசியாகப் பத்துப் பன்னிரண்டு அத்தியாயம் பாக்கி இருக்கும்போது, பெருந்துறையில் எங்கள் நங்கையாள் வீட்டில் ஒரு விசேஷம். இரண்டு நாள் போயே ஆக வேண்டும். மகளிடம் சொட்டு மருந்து நேரத்தை எழுதிக் கொடுத்து, சமையலுக்கும் சொல்லிவைத்துவிட்டுப் போனேன். வாசிப்பது வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அத்தையும் சரி என்றார்கள்.

திரும்பி வந்தபோது ஐந்தாம் கட்டு வராந்தா ஸ்டூலின்மேல் இருந்தது. அதன்மேல் அப்பாவின் மூக்குக் கண்ணாடி. எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் அவருடைய பஸ் டிக்கெட் ஒன்று அடையாளமாய்ச் செருகியிருந்தது.

உள்ளே அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருங்கத்தை வாசிச்சது? பாப்பாவா?"

"அண்ணன் வாசிச்சுது."

எனக்கு நம்ப முடியவில்லை. அப்பா பேப்பரைத் தவிர வேறெதையும் கையில் எடுத்து நான் பார்த்ததே இல்லை. "கடைசி வரைக்குமா?"

"எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான். ரெண்டு நாளாச்சு. நான் போதும்னு சொன்னேன். கேக்கலை."

"அப்பா ஏதாச்சும் சொன்னாங்களா?"

அத்தை பூண்டுத் தோலை ஊதித் தள்ளினார்கள். "என்ன சொல்றது? கடசில தொண்டை கட்டிக்கிச்சு. சுடுதண்ணி கேட்டுச்சு. வெச்சுக் குடுத்தேன்."

"அடுப்புக்கிட்ட நீங்க எதுக்குப் போனீங்க? டாக்டர் என்ன சொல்லியிருக்காரு?" என்று சத்தம் போட்டேன். வேறு எதையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அப்பா அன்று பொழுது சாய்ந்ததும் கடைவீதிக்குப் போய்விட்டு வந்தார். கை நிறைய முறுக்கு, அத்தைக்குப் பிடித்த கோழிக்கொண்டைப் பூ ஒரு முழம். பூவைத் தங்கையிடம் நேரே கொடுக்காமல், சாமி படத்துக்குப் போடு என்று என்னிடம் நீட்டினார். நான் அதை அத்தை மடியில் வைத்தேன். அவர்களே எழுந்து போய்ப் படத்துக்குப் போட்டார்கள்.

சாப்பாடான பிறகு அப்பா அலமாரிப் பக்கம் எதையோ துழாவிக்கொண்டிருந்தார்.

"என்ன வேணுங்கப்பா?"

"அந்த மொதக் கட்டு எங்க வெச்சிருக்கற? ஆரம்பத்துல நாஞ் சரியாக் கேக்கலை" என்றார்.